ஹோர்ட்டன் சமவெளி: வன்னியிலிருந்து வான் பிடிக்கிறவர்களுக்கு ஒரு மதிப்புரை

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கமிருந்து மலைநாட்டுக்குக் கிளம்பும் குழுக்களின் பட்டியலில் மூன்று இடங்கள் அநேகமாக மாறுவதில்லை: சீதா எலிய அம்மன் கோயில், நுவரெலியா கிரகரி வாவி, ஹோர்ட்டன் சமவெளி. முதல் இரண்டுக்கும் எத்தனை மணிக்குப் போனாலும் போன பலன் உண்டு. மூன்றாவது அப்படியில்லை. காலை ஆறரைக்கு நடக்கத் தொடங்குபவர் பார்க்கும் சமவெளி வேறு, பதினொரு மணிக்கு உள்ளே போகிறவர் பார்க்கும் சமவெளி வேறு. பிந்திப் போகிறவர் பார்ப்பது வெறும் வெள்ளை. "அவ்வளவு தூரம் போயும் ஒண்டும் தெரியேல்லை" என்று திரும்பி வந்து சொல்கிறவர்களை விசாரித்தால், பிழையான நேரம், பிழையான மாதம், இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்கும். அதோடு, உலக முடிவு என்ற அந்த ஒற்றை மலைவிளிம்பை மட்டும் பார்க்கப் போயிருப்பார்கள்.

விளிம்புக்காக மட்டும் போகிறவருக்கு இந்தப் பயணம் ஐந்துக்கு இரண்டு. புல்வெளியையும் காட்டையும் பார்க்கப் போகிறவருக்கு ஐந்துக்கு நாலரை. அந்த அரைப் புள்ளி எங்கே குறைகிறது என்பது கடைசியில் வரும்.

முதலில் இடம். கடல் மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீற்றர் வரை உயரத்தில், ஏறக்குறைய 3,160 ஹெக்டேயர் பரப்பில் கிடக்கும் மேட்டு நிலம் இது. பெயர்தான் சமவெளி. கால் வைத்தால் ஏற்றமும் இறக்கமுமாகவே இருக்கும். பள்ளங்களில் புல், மேடுகளில் காடு. நமக்கு இது தலைகீழான காட்சி. வன்னியில் தரவை என்றால் மரமில்லாத மட்ட நிலம், உப்பங்காற்று, மாரியில் தண்ணீர், கோடையில் வெடிப்பு. மேலே பத்தனை என்று சொல்லும் மலைப் புல்வெளியில் தண்ணீர் வற்றுவதே இல்லை. புல்லின் வேருக்குக் கீழே கறுப்பான, அழுகிய தாவரப் பொருள் நிறைந்த மண். பெய்கிற மழையையும் மூடுபனியின் ஈரத்தையும் அது உறிஞ்சி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தண்ணீர் கொடுக்கும் ஓடைகள் இந்தப் பகுதியில் பிறக்கின்றன. கனகராயன் ஆறும் பறங்கி ஆறும் மழை பெய்தால் ஓடி, இல்லாவிட்டால் மணலாய்க் கிடப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மழையில்லாத மாதத்திலும் முழங்கால் அளவுக்கு ஓடும் ஓடை ஒரு புதினம்தான்.

பள்ளத்தில் ஏன் மரம் முளைப்பதில்லை என்ற கேள்விக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று உறைபனி. இரவில் குளிர்காற்று கனமாகிப் பள்ளத்தில் இறங்கித் தங்கும். மார்கழி முதல் மாசி வரை சில அதிகாலைகளில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போய்ப் புல்நுனி வெள்ளையாகிவிடும். மரக்கன்றின் இளங்குருத்து அதில் கருகும், புல் மீண்டும் துளிர்க்கும். மற்றக் காரணம் நெருப்பு. இரண்டும் சேர்ந்துதான் இந்தப் புல்வெளியைப் புல்வெளியாக வைத்திருக்கின்றன என்று கொள்ளலாம்.

மாதம் தெரிவதில்தான் நம்மவர்கள் அதிகம் பிழைவிடுகிறார்கள். பள்ளிக்கூட விடுமுறை என்று ஆகஸ்டில் வான் பிடிப்பார்கள். இங்கே அது சோளகம் அடிக்கும் காலம். குளம் வற்றி, வயல் வெடித்துக் கிடக்கும். ஆனால் அதே காற்றுத்தான் மேலே மழை. தென்மேற்கிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று மத்திய மலையில் ஏறிக் குளிர்ந்து, ஈரத்தை அங்கேயே கொட்டிவிட்டு வெறுங்கையோடு வடக்கே இறங்குகிறது. இரணைமடுக் கட்டில் புழுதி பறக்கிற அதே நாளில் சமவெளியில் குடை விரித்தால் கம்பி மடங்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று மழை இங்கேயும் அங்கேயும்தான். அந்த மாதங்களில் மலை வீதியில் மண்சரிவு வேறு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக வெளியிடும். நுவரெலியா, கண்டி மாவட்டங்களுக்குச் செம்மஞ்சள் இருந்தாலே பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். வானுக்கு முற்பணம் கொடுத்தாயிற்றே என்று பார்க்க வேண்டாம்.

தைப்பொங்கல் கழிந்து பங்குனி முடியும் வரை நல்ல காலம். காலபோக அரிவிவெட்டு முடிந்து நெல் வீட்டுக்கு வந்த பிறகு, பங்குனி நடுப்பகுதி கமக்காரக் குடும்பங்களுக்கு எல்லா வகையிலும் பொருந்தும். சித்திரையில் வேண்டாம். புத்தாண்டுக் காலத்தில் நுவரெலியாவில் அறை வாடகை பன்மடங்கு ஏறும், வீதியில் வாகனம் நகராது. நீண்ட வார இறுதிகளும் போயா தினங்களும் அதே கதைதான். செவ்வாய், புதன், வியாழன் போனால் மனிதர் குறைவு.

இனி வீதி. கிளிநொச்சியிலிருந்து ஏ9இல் கண்டி வரை சுமார் 250 கிலோமீற்றர். கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு 75 கிலோமீற்றரை ஒட்டி வரும். அங்கிருந்து அம்பேவெல, பட்டிப்பொல ஊடாகச் சமவெளிக்கு இன்னும் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். கிலோமீற்றரைக் கூட்டிப் பார்த்து "ஓர் இரவில் போய்விடலாம்" என்று வான்காரர் சொல்வார். மாலை ஆறுக்கு முறிகண்டியில் தேங்காய் உடைத்துக் கிளம்பி, விடியற்காலை வாயிலில் நிற்பதுதான் எல்லோரும் விற்கும் திட்டம். அதை வாங்காதீர்கள். மட்டமான நேர் வீதியில் ஆறு மணித்தியாலம் ஓடிய சாரதி, நித்திரை கண்ணைச் சுற்றும் இரண்டு மணிக்குத்தான் றம்பொடை வளைவுகளுக்குள் நுழைவார். மூடுபனியும் அப்போதுதான் இறங்கும். பின்னால் இருப்பவர்களும் நித்திரையில்லாமல் இறங்கி ஒன்பதரைக் கிலோமீற்றர் நடக்க வேண்டும். திரும்பி வரும் இரவில் அதே சாரதி, இரண்டு நாள் நித்திரைக் கடனோடு, இம்முறை இறக்கத்தில்.

இறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வன்னி வீதியில் இதைப் பழக இடமில்லை. மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் பிறேக்கை மிதிப்பது மாடு குறுக்கே வந்தால்தான். மலையில் அப்படியில்லை. காலைப் பிறேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் பாட் சூடாகிப் பிடி குறையும். பிறேக் எண்ணெய் பழையதாகி ஈரம் சேர்ந்திருந்தால் அந்த ஈரம் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. அதனால் மிதி தரைவரை போகும், வான் நிற்காது. ஆகவே எந்தக் கியரில் ஏறினாரோ அதே கியரில் இறங்கச் சொல்லுங்கள். ஓட்டோ கியர் வான் என்றால் கியர் நெம்பை D-யில் விடாமல் 2-இலோ L-இலோ போட வேண்டும். பிறேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்து, காலை எடுத்து, மீண்டும் அழுத்த வேண்டும். தொடர்ந்து உரசவிடக் கூடாது. கருகிய மணம் உள்ளே வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணித்தியாலமாவது ஆறவிடுங்கள். சில்லுக்குத் தண்ணீர் ஊற்றவே வேண்டாம், சூடான இரும்பு வெடிக்கும். கிளம்பும் முன் வான்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி பாட்டுப் பெட்டி நல்லதா என்பதல்ல, பிறேக் எண்ணெய் எப்போது மாற்றியது என்பது. இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். மூடுபனியில் பெரிய வெளிச்சம் போட்டால் வெளிச்சம் முகத்துக்கே திரும்பும், தாழ்த்திப் போட வேண்டும்.

சரியான திட்டம் இரண்டு பகலும் ஓர் இரவும். முதல் நாள் விடிய ஐந்துக்குக் கிளம்பி, பகல் வெளிச்சத்தில் மலையேறி, பின்னேரம் நாலு மணியளவில் நுவரெலியாவில் இறங்கலாம். அல்லது வாயிலுக்குக் கிட்டவாகப் பட்டிப்பொல, அம்பேவெல, ஒஹியப் பக்கம் தங்கலாம். இரண்டாம் நாள் காலை ஆறுக்கு வாயில். பத்தரைக்கு நடை முடியும். மத்தியானம் சீதா எலிய கோயில். இருட்டுமுன் கண்டிக்கு இறங்கினால் நடுச்சாமத்துக்கு முன்பின்னாக வவுனியா. சாரதிக்குப் படுக்க ஒழுங்கான இடம் கொடுங்கள், வானுக்குள் படுக்க விடாதீர்கள். 50 பேர் கொள்ளும் பெரிய பஸ்ஸில் வரும் பள்ளிக்கூடக் குழுக்கள், பஸ்ஸை நுவரெலியாவில் விட்டுவிட்டுச் சிறிய வான்களில் ஏறுவது நல்லது. பட்டிப்பொலவுக்கு மேலே வீதி ஒடுக்கம், எதிரே வருகிற வாகனத்துக்கு ஒதுங்க இடம் போதாது.

ரயில் விரும்பிகள் வடக்குப் பாதையில் பொல்கஹவெல வரை வந்து, பதுளைப் பாதைக்கு மாறி ஒஹியவில் இறங்கலாம். அதற்கு முந்திய பட்டிப்பொல நிலையம் 1,891 மீற்றரில், இலங்கையிலேயே மிக உயரத்தில் உள்ள ரயில் நிலையம். ஒஹியவிலிருந்து சமவெளிக்கு 11 கிலோமீற்றர் ஏற்றம். நிலையத்தில் முச்சக்கரவண்டி பேசிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் மலைப்பாதை அடிக்கடி தடைப்படும், கிளம்பும் முன் விசாரியுங்கள்.

குளிரை நம்மவர்கள் எப்போதும் குறைத்தே மதிப்பிடுவார்கள். ஆயிரம் மீற்றர் ஏற ஏற ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும். இங்கே 30 என்றால் அங்கே 16. வருடச் சராசரியே 13 பாகைதான். காற்றும் ஈரமும் சேர்ந்தால் அதற்கும் கீழே உறைக்கும். பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளே மெல்லிய சட்டை, மேலே கம்பளிச் சுவெட்டர், அதன்மேல் காற்றும் மழையும் புகாத மேலங்கி என்று மூன்று அடுக்காகப் போட்டால் வெயில் வந்தவுடன் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். ஒரு தடித்த கோட்டை விட இது உதவும். பிள்ளைகளுக்குக் காதை மூடும் தொப்பி கட்டாயம். பத்து மணி வெயில் சுடாது, ஆனால் தோலைக் கருக்கும். அந்த உயரத்தில் வெயிலை வடிகட்டக் காற்று குறைவு. காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நாலு பங்கைவிடச் சற்றுக் குறைவு என்பதால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். முட்டு உள்ளவர்கள் பம்பைப் பையில் அல்ல, சட்டைப் பொக்கற்றில் வைத்திருக்க வேண்டும். இருதயக்காரர் வைத்தியரைக் கேட்டுவிட்டு வரட்டும். செருப்பு வேண்டாம். அடியில் பிடிப்புள்ள, ஏற்கனவே போட்டுப் பழகிய சப்பாத்து. புதுச் சப்பாத்து நாலாம் கிலோமீற்றரில் குதிக்காலை உரிக்கும்.

சாப்பாடு. நடைபாதை தொடங்கும் இடத்தில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். விசுக்கோத்துப் பைக்கற்றின் உறை கிழிக்கப்படும், தண்ணீர்ப் போத்தலின் லேபல் உரிக்கப்படும். இந்த இடத்தில்தான் வரிசை நீளும், இருபது நிமிடம் வீணாகும். அந்த இருபது நிமிடம் மூடுபனிக்கு முந்திய இருபது நிமிடம் என்பதை மறக்க வேண்டாம். ஆகவே வீட்டிலிருந்தே வாழையிலையிலும் துணியிலும் கட்டுங்கள், இல்லாவிட்டால் எவர்சில்வர் பெட்டி. புட்டும் இடியப்பமும் அந்தக் குளிரில் விறைத்துத் தொண்டையில் இறங்காது. ரொட்டியும் கட்டைச் சம்பலும், அவித்த முட்டை, அவித்த கடலை, வாழைப்பழம், எள்ளுருண்டை, பனங்கட்டி இவை எல்லாம் தாங்கும். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர். ஓடைத் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும், குடிக்க வேண்டாம். கழிப்பறைக்குப் பார்வையாளர் நிலையமான ஃபார் இன் பக்கத்திலேயே போய்விட்டு நடையைத் தொடங்குங்கள், இடையில் எதிர்பார்க்காதீர்கள்.

நடை ஒரு வட்டம். ஏறக்குறைய ஒன்பதரைக் கிலோமீற்றர், சாதாரண நடைக்கு மூன்று முதல் நாலு மணித்தியாலம். பாதை பிரியும் இடத்தில் எந்தப் பக்கம் போவது என்பதில் எல்லாம் இருக்கிறது. சின்ன உலக முடிவு இருக்கும் பக்கமாகப் போங்கள். சின்னதையும் பெரியதையும் எட்டு, எட்டரைக்குள் பார்த்துவிட்டு, பேக்கர் நீர்வீழ்ச்சியைத் திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளலாம். நீர்வீழ்ச்சி மூடுபனியிலும் தெரியும், விளிம்பு தெரியாது. காரணம் எளிது. காலை வெயிலில் கீழே பலாங்கொடைப் பக்கத் தாழ்நிலம் சூடாக, அங்கிருந்து ஈரக்காற்று செங்குத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். ஏறி உச்சிக்கு வரும்போது குளிர்ந்து முகிலாகும். ஒன்பது, பத்து மணிக்குத் திரை விழுவது அதனால்தான். சில நாட்களில் எட்டுக்கே விழும்.

திரை விழாத காலையில், 800 மீற்றருக்கும் மேலான பள்ளத்தின் அடியில் தேயிலைத் தோட்டமும் லயங்களும், அதற்கப்பால் தெற்குத் தாழ்நிலமும், இடையிடையே மின்னும் நீர்த்தேக்கங்களும் தெரியும். நல்ல தெளிவு என்றால் தென்கடல் வரை. விளிம்பில் எல்லா இடமும் தடுப்புக் கிடையாது. 2015 பெப்ரவரியில் படம் எடுக்கப் பின்பக்கமாக நகர்ந்த ஒல்லாந்துச் சுற்றுலாப் பயணி ஒருவர் தவறி விழுந்தார். சுமார் 40 மீற்றர் கீழே மரத்தில் சிக்கியதால் தப்பினார், இராணுவத்தினர் கயிறு கட்டி மீட்டார்கள். அந்த மரம் எல்லோருக்கும் இராது. பிள்ளைகளின் கையை விடாதீர்கள், செல்பிக் குச்சியை வானிலேயே விட்டுவிடுங்கள்.

பாதை பல இடங்களில் நடந்து நடந்தே ஆழப்பட்டு, வேரும் வெள்ளைப் பரலுமாகக் கிடக்கும். நனைந்த வேர் வழுக்கும், பரல் உருளும். பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் படிகள் செங்குத்து. முழங்கால் நோவுள்ளவர்கள் இறங்காமல் மேலேயே ஆற்றோரம் இருக்கலாம், இழப்பொன்றும் இல்லை. குளிக்கத் தடை.

உயிரினங்களைப் பார்ப்பதில்தான் இந்தப் பயணத்தின் மதிப்பு கூடும், அங்கேதான் பெரும்பாலானோர் வேகமாக நடந்து கடக்கிறார்கள். மரை வாகனத் தரிப்பிடத்திலேயே நிற்கும். வன்னிக் காட்டில் மரை மனித வாடை பட்டாலே பாயும், வெடி கண்ட இனம். மேலே அது கையெட்டும் தூரத்தில் நிற்கும். நின்று பாருங்கள்: கழுத்தில் தடித்த, பனியில் நனைந்து திரிதிரியாய் ஒட்டிய மயிர். கண்ணுக்குக் கீழே ஒரு பிளவு, அது சுரப்பி. கலவரப்பட்டால் இமை போலத் திறக்கும். அது திறந்திருந்தால் இரண்டடி பின்னே வையுங்கள். பாண் துண்டு கொடுக்கவே கூடாது. கொடுக்கிற கை பழகிப் பழகித்தான் அவை பையையே கடித்து இழுத்துப் பிளாஸ்ரிக்கையும் விழுங்குகின்றன. மரை கூடி மேயும் பச்சைத் திட்டுகளுக்கு ஒரு கதை உண்டு. 1960களில் இங்கே விதை உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். பிறகு கைவிட்ட அந்த நிலங்களில் கிக்குயு என்ற ஆபிரிக்கப் புல் பிடித்துக்கொண்டது. சுற்றியுள்ள பத்தனைப் புல் முரடு, இது மென்மை. அதனால் மரை அங்கே கூடுகிறது. "இவ்வளவு புல் கிடக்கிறது, ஒரு மாடும் இல்லையே" என்று கேட்கும் நம்மூர்ப் பண்ணையாளருக்குப் பதிலும் இதுதான்: மேய்ச்சல் நடக்கிறது, மேய்கிறது மரை. மரையைத் தின்னச் சிறுத்தை இருக்கிறது. ஆளைக் காண்பது அரிது, பாதையில் மயிர் கலந்த எச்சம் காண்பது அரிதல்ல.

காட்டுக்குள் நுழைந்ததும் நடையைப் பாதியாகக் குறையுங்கள். பாசி படர்ந்த அடிமரங்களை நெஞ்சுயரத்தில் தேடினால் கொம்பு மூக்கு ஓணான் கிடைக்கும். ஆணின் மூக்கு நுனியில் கூரான வெள்ளைக் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும், பெண்ணுக்கு அது சிறிதாக இருக்கும் அல்லது இராது. ஓடாது, மரத்தைச் சுற்றி மெல்ல நகரும். அதே காட்டில் வாலால் கொப்பைச் சுற்றிப் பிடிக்கும் இன்னொரு ஓணான் உண்டு. முட்டையிடாமல் குட்டி போடுகிற இனம் அது. இரண்டும் இலங்கையின் மலைக்காட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. நம் காடுகளில் இரவில் கண் மின்னும் தேவாங்குக்கு இங்கே குட்டைக் கையும் அடர்ந்த மயிருமாக ஓர் உறவினம் இருக்கிறது. அதன் முதற் படங்கள் வெளியானது 2010இல்தான். பகல் நடையில் அதைக் காண முடியாது.

பறவை பார்ப்பவர்கள் பட்டிப்பொலப் பக்கத்தால் உள்ளே வரும்போது வீதியோரத்தில் உள்ள அரெங்கா குளத்தில் நிறுத்துங்கள். இலங்கைக்கே உரிய சீழ்க்கைப் பூங்குருவி வெளிச்சம் சரியாக வருமுன் அங்கே தென்படும், வெயில் ஏறினால் புதருக்குள் போய்விடும். மஞ்சள் காதுச் சின்னானும் மலை வெள்ளைக்கண்ணியும் நடையின்போதே வரும். ஊதாமுக மந்தியின் மலையினம் கொப்புகளை உலுப்பிக்கொண்டு குரைப்பது போலச் சத்தமிடும். பாட்டுப் பெட்டியோடு நடக்கும் குழுவுக்கு இதில் எதுவும் கிடைக்காது, அவர்களுக்குப் பின்னால் வருகிறவருக்கும் கிடைக்காது.

மரங்களில் இரண்டை அடையாளம் பிடித்தால் போதும். கீனா என்பது தடித்த பளபளப்பான இலையும் குடை போல் பரந்த தலையும் கொண்டது. காட்டு விளிம்பிலும் புல்லின் நடுவிலும் தனியாக நின்று கொத்தாகச் சிவப்புப் பூ பூப்பது ரோடோடென்ட்ரன். இடையிடையே இலையற்றுச் சாம்பல் நிறத்தில் நிற்கும் பட்ட மரங்கள் நெருப்பில் எரிந்தவை அல்ல. 1980களிலிருந்து பேசப்படும் காடு பட்டுப்போகும் நோக்காடு அது. மண்ணின் ஈரக்குறைவு, மண் அமிலமாதல், காற்றில் வந்து படியும் உலோகங்கள் என்று பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. மஞ்சள் பூவோடு முள்ளாய் நிற்கும் ஐரோப்பியப் புதர் கோர்ஸ், ஆங்கிலேயர் கொண்டுவந்தது. விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், வெட்டினால் கட்டையிலிருந்து துளிர்க்கும், எண்ணெய்ப் பசையால் பச்சையாகவே எரியும். வேரோடு பிடுங்குவதுதான் வழி. அதனருகே நடந்தால் சப்பாத்தின் அடியில் ஒட்டிய மண்ணை அங்கேயே தட்டிவிடுங்கள்.

வரலாறு சுருக்கமாக. சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த கரிமண்ணில் இருந்த மகரந்தத்தைக் கொண்டு 20,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மழை, வறட்சிக் கணக்கை ஆய்வாளர்கள் படித்திருக்கிறார்கள். மஹா எலிய என்று சிங்கள மக்கள் அழைத்துவந்த இந்த இடத்துக்கு 1834இல் ஆங்கிலேய அதிகாரிகள் வந்து, 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயரை வைத்தார்கள். பிறகு வேட்டைக் காலம். நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் முதலியோர் நாய்களை விட்டு மரை கலைத்தார்கள். யானைகள் இருந்தன, இப்போது ஒன்றும் இல்லை. ஃபார் இன் கட்டடம் தோட்டத் துரைமாரின் வேட்டை விடுதியாக இருந்து, இன்று பார்வையாளர் நிலையமாக நிற்கிறது. ஓடைகளில் உள்ள ட்ரவுட் மீனும் அந்தத் துரைமார் தூண்டில் போட விட்டதுதான். இவ்வளவுக்குப் பிறகும் காடு மிஞ்சியதற்குக் காரணம், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டக் கூடாது என்று தாவரவியலாளர் ஹூக்கர் 1873இல் கொடுத்த ஆலோசனை.  1969இல் இயற்கை ஒதுக்கம், 1988இல் தேசிய பூங்கா, 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமை.

குறைந்த அரைப் புள்ளிக்கு வருவோம். எல்லோரையும் ஒரே வட்டத்துக்குள் விடுவதால், நெரிசல் நாளில் சின்ன உலக முடிவு கோயில் திருவிழாவாகிவிடும். இதைத் தவிர்க்க நினைக்கும் பழகிய கால்களுக்கு இரண்டு வழி. ஃபார் இன் பக்கமிருந்து கிரிகல்பொத்தவுக்குப் போய்வர 14 கிலோமீற்றரை ஒட்டி வரும். உச்சி 2,380 மீற்றருக்கு மேல், இலங்கையில் இரண்டாவது உயரம். பாதை சேறு, அடையாளம் குறைவு, தனியே போகாதீர்கள். பட்டிப்பொல வாயில் பக்கம் தொட்டுபொல மலை 2,357 மீற்றர், மூன்றாவது உயரம், ஏறும் தூரம் குறைவு. நடக்க முடியாத முதியவர்களை எங்கும் ஏற்ற வேண்டாம். ஃபார் இன் சுற்றுப்புறப் புல்வெளியும் அரெங்கா குளமும் அவர்களுக்குப் போதும்.

கட்டணம் அடிக்கடி மாறும் என்பதால் தொகை எழுதவில்லை. உள்ளூர்க் கட்டணம் சிறியது, வாகனத்துக்குத் தனி. தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். வெளிநாட்டவர் கட்டணம் டொலரில், உள்ளூர்க் கட்டணத்தின் பல மடங்கு. கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் லீவில் வரும் சொந்தங்களை அழைத்துப் போகும்போது ரிக்கற் யன்னலில் நின்று முழிக்காமல், யார் எந்தக் கடவுச்சீட்டு என்பதை நுவரெலியாவில் இரவுச் சாப்பாட்டின்போதே பேசி முடித்துவிடுங்கள். "பார்த்தால் எங்கட ஆள்தானே" என்ற வாதம் அந்த யன்னலில் எடுபடாது, பின்னால் வரிசை மட்டும் நீளும்.